ஆர்கன் குழலின் பருமன்: டோப்ஃபர் போட்ட கணக்கு

பைப் ஆர்கனில் ஒரு குழல் எந்தச் சுருதியில் பேசும் என்பதை அதன் நீளம் முடிவு செய்கிறது. என்ன குரலில் பேசும் என்பதைப் பெரும்பாலும் அதன் பருமன் முடிவு செய்கிறது. ஒல்லிக் குழல் வயலின் சாயலில் கூர்மையாகப் பேசும், பருத்த குழல் உருண்டு திரண்ட குரலில் பேசும். நீளத்தைப் பற்றிக் குழப்பம் கிடையாது. ஒரு ஸ்தாயி மேலே போனால் நீளம் ஏறக்குறையப் பாதியாகும், அதை இயற்கையே பார்த்துக்கொள்கிறது. பருமன் ஸ்தாயிக்கு ஸ்தாயி எவ்வளவு குறைய வேண்டும் என்பதற்கோ இயற்கை எந்த விதியும் வைக்கவில்லை. பல நூற்றாண்டுகளாகப் பட்டறைகள் அதைத் தலைமுறை ரகசியமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தன. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் வைமார் நகரத் தேவாலய ஆர்கன் வாசிப்பாளர் யோஹான் கோட்லோப் டோப்ஃபர் அதைக் கணக்காக்கி, எண்களோடு அச்சிட்டு வெளியிட்டார். ஜெர்மன் ஆர்கன் தொழிலில் இந்த அளவு முறைக்கு மென்சூர் என்று பெயர்.

முதலில் சில அடிப்படைகள். ஆர்மோனியத்தில் ஒலிப்பது உலோக ரீடு. பைப் ஆர்கனில் பெரும்பாலான ஒலி நாக்கில்லாக் குழல்களிலிருந்து வருகிறது. துருத்தியிலிருந்து வரும் காற்று குழலின் கூம்பு வடிவப் பாதத்தில் நுழைந்து, ஒரு மெல்லிய கீற்று வழியே தகடு போல வெளியேறி, வாயின் மேலுதட்டில் மோதுகிறது. அங்கே எழும் ஊசலாட்டம்தான் குழலுக்குள் இருக்கும் காற்றை அதிர வைக்கிறது. ஒரே குரல் உள்ள குழல் வரிசைக்கு ஸ்டாப் என்று பெயர். விசைக்கு ஒரு குழல் என்ற கணக்கில் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் ஆர்கனின் ஒரு ஸ்டாப்பில் பொதுவாக 54 குழல்கள் இருக்கும். வரிசையின் மிகப் பெரிய குழலை 8 அடிக் குழல் என்பார்கள். அங்கிருந்து ஸ்தாயிக்கு ஸ்தாயி 4 அடி, 2 அடி, 1 அடி, அரை அடி, கால் அடி (8 அடியில் தொடங்கும் 54 குழல் வரிசை கால் அடி வரை எட்டாது, உயர்ந்த ஸ்டாப்புகளில்தான் அது வரும்). இவை பெயர்கள்தான், டேப் வைத்து அளந்தால் அச்சாக இதே நீளம் வராது. ஏன் என்பது பின்னால் வரும்.

சிக்கல் எங்கே வருகிறது என்று பார்ப்போம். 8 அடிக் குழலின் உள்விட்டம் 155.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு, அதுவும் பின்னால்.

முதலில் தோன்றும் யோசனை, எல்லாக் குழலுக்கும் ஒரே விட்டம். 11ஆம் நூற்றாண்டு ஏடுகள் சொல்லும் சிறிய ஆர்கன்கள் அப்படித்தான் இருந்தன. இரண்டு மூன்று ஸ்தாயிக்குள் சமாளித்துவிடலாம். அதற்கு மேல் போனால் கீழ்க் குழல் கீச்சிடும், மேல் குழல் மந்தமாகிப் பேசவே மறுக்கும்.

அடுத்தது, நீளம் பாதியாகும்போது விட்டத்தையும் பாதியாக்குவது. 155.5, 77.8, 38.9, 19.4, 9.7, 4.9 மி.மீ. என்று போகும். காகிதத்தில் அழகாக இருக்கிறது, எல்லாக் குழலும் ஒரே வடிவத்தின் சிறிய பிரதிகள். காதுக்கு நன்றாக இல்லை. மேல் ஸ்தாயிகள் மெலிந்து, கீழ்ஸ்தாயியின் கனத்துக்கு முன் காணாமல் போகின்றன. குழாய்ச் சுவரை ஒட்டிய காற்று உராய்வில் ஆற்றலை இழக்கிறது. குழல் ஒடுங்க ஒடுங்க உள்ளிருக்கும் மொத்தக் காற்றில் சுவரை ஒட்டிய பகுதியின் பங்கு கூடுகிறது, இழப்பும் கூடுகிறது. 4.9 மி.மீ. குழலில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

எதிர்த்திசையில் போய், குறுக்குப் பரப்பை மட்டும் ஸ்தாயிக்கு ஒரு முறை பாதியாக்கினால் விட்டங்கள் 155.5, 110, 77.8, 55, 38.9, 27.5 ஆகும். இங்கே மேல் குழல்கள் ஊதிப்போகின்றன. கால் அடிக் குழலின் உடல் நீளம் சுமார் 36 மி.மீ.தான் வரும், விட்டமோ 27.5. குழல் என்பதைவிடக் கிண்ணம் என்றே சொல்லிவிடலாம். அகன்ற குழலின் மேல் அதிர்வுகள் அடிச்சுருதியின் இரு மடங்கு, மும்மடங்குகளில் சரியாக விழுவதில்லை, சற்று விலகி நிற்கும். அதனால் ஹார்மானிக்ஸ் எடுபடாமல், ஒலி மழுங்கிவிடும்.

ஆகவே விடை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. நல்ல கைவினைஞர்கள் அதைக் காதால் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். எண்ணாகச் சொல்லத்தான் ஆள் தேவைப்பட்டது.

டோப்ஃபர் 1791 டிசம்பர் 4 அன்று துரிங்கியாவின் நீடர்ரோஸ்லா கிராமத்தில் பிறந்தார். படிப்பு வைமாரில். 1817இல் அங்கிருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இசை ஆசிரியரானார். 1830இல் நகரத் தேவாலயத்தின் ஆர்கன் வாசிப்பாளரானார். ஜெர்மன் சிந்தனையாளர் ஹெர்டர் பணியாற்றி அடக்கம் செய்யப்பட்ட தேவாலயம் அது. ஒரு நூற்றாண்டுக்கு முன் அதே ஆர்கன் இருக்கையில் இருந்தவர், 1732இல் இசை அகராதி வெளியிட்ட யோஹான் கோட்ஃப்ரீட் வால்தர். வாசிப்பும் ஏட்டுப்படிப்பும் ஒன்றாகப் போவது அந்தப் பதவிக்குப் புதிதல்ல. டோப்ஃபர் சொனாட்டாக்களும் ஃபேண்டஸிகளும் எழுதினார், தேவாலயப் பாடல்களுக்கான கோரல் தொகுப்பு ஒன்றையும் கொண்டுவந்தார். அவரது மாணவர்களில் ஒருவர் இசையமைப்பாளர் லிஸ்ட்டுக்கு நெருக்கமான கோட்ஷால்க். 1870 ஜூன் 8 அன்று வைமாரிலேயே இறந்தார். வாழ்க்கைச் சம்பவங்கள் என்று பார்த்தால் இவ்வளவுதான். ஊர்விட்டு ஊர் போன கதையோ அரசவைச் சண்டையோ கிடையாது. அவர் செய்ததெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது.

முதல் புத்தகம் 1833இல் வந்தது, ஆர்கன் கட்டும் கலையைப் புதிய கோட்பாட்டின்படி விளக்குவதாகத் தலைப்பிலேயே அறிவித்தபடி. 1855இல் நான்கு பாகங்கள் கொண்ட பாடநூல் வந்தது. அவர் இறந்த பின் 1888இல் மாக்ஸ் அல்லின் அதைத் திருத்தி மறுபதிப்புக் கொண்டுவந்தார். சின்னப் பட்டறைக்காரருக்கு லாகரிதம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனவே பக்கம் பக்கமாக ஆயத்த அட்டவணைகளையே கொடுத்தார். புத்தகம் பரவியதற்குக் கோட்பாட்டைவிட அந்த அட்டவணைகளே காரணம் என்பது என் கணிப்பு.

இனி கணக்கு. ஒரு ஸ்தாயி இடைவெளியில் உள்ள இரண்டு குழல்களின் குறுக்குப் பரப்புகள் 8இன் வர்க்கமூலத்துக்கு 1 என்ற விகிதத்தில் இருக்கட்டும் என்றார் டோப்ஃபர். அதாவது 2.828க்கு 1. மேலே பார்த்த இரண்டு முறைகளில் பரப்பு விகிதம் ஒன்றில் 4, மற்றதில் 2. இரண்டையும் பெருக்கினால் 8, அதன் வர்க்கமூலம் 2.828. இரண்டுக்கும் பெருக்கல் நடுப்புள்ளி இது.

பரப்பு 2.828 மடங்கு குறைந்தால் விட்டம் 1.682 மடங்கு குறையும். ஒரு ஸ்தாயியில் 12 அரைஸ்வரம், ஒவ்வொன்றுக்கும் 1.0443ஆல் வகுத்துக்கொண்டே போக வேண்டும். இந்த 1.0443 என்பது 2இன் 16ஆம் மூலம். ஆகவே 16 அரைஸ்வரம் ஏறினால் விட்டம் மிகச் சரியாகப் பாதி. ஜெர்மன் பட்டறைகள் இதை ‘17ஆம் குழலில் பாதி’ என்ற ஒற்றை வாக்கியமாக நினைவில் வைத்துக்கொண்டன. நீளம் 13ஆம் குழலிலேயே பாதியாகிவிடும், பருமன் நாலு குழல் தாமதமாகத்தான் பாதியாகும். கணக்கின் சாரம் இதில் இருக்கிறது. (பியானோவில் ஸட்ஜத்துக்கும் சதுச்ருதி தைவதத்துக்கும் உள்ள அதிர்வெண் விகிதமும் இதே 1.682. மர்மம் ஒன்றுமில்லை. 12இல் 9 என்பதும் 16இல் 12 என்பதும் முக்கால்தான்.)

8 அடிக் குழலிலிருந்து தொடங்கினால் விட்டங்கள் இப்படி வரும்:

8 அடி: 155.5 மி.மீ.
4 அடி: 92.5 மி.மீ.
2 அடி: 55.0 மி.மீ.
1 அடி: 32.7 மி.மீ.
அரை அடி: 19.4 மி.மீ.
கால் அடி: 11.6 மி.மீ.

முதல் குழலுக்கு அடுத்த குழலின் விட்டம் 155.5 வகுத்தல் 1.0443, அதாவது 148.9. எந்தக் குழலுக்கும் நேராகப் போக வேண்டுமானால், முதல் குழலிலிருந்து எத்தனை அரைஸ்வரம் என்று எண்ணி, அதை 16ஆல் வகுத்து, 2இன் அந்த அடுக்கால் 155.5ஐ வகுக்கவும். சாதாரண அறிவியல் கால்குலேட்டர் போதும்.

விட்டம் கிடைத்ததும் குழல் செய்துவிட முடியாது. குழல் செய்பவர் தகட்டைத்தான் வெட்டுகிறார், எனவே அவருக்குத் தேவை தகட்டின் அகலம். 155.5ஐ 3.1416ஆல் பெருக்கினால் 488.5 மி.மீ. வாயின் அகலம் சுற்றளவில் கால் பங்கு என்று வைத்தால் 122 மி.மீ. வாயின் உயரம் அந்த அகலத்தில் கால் பங்கு என்றால் 30.5 மி.மீ. இந்தக் கால் பங்குகள் பொதுவான தொடக்கப் புள்ளிகள், ஸ்டாப்புக்கு ஸ்டாப் மாறும். மரக்குழல் என்றால் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் சதுரமாக இருக்கும். பரப்பு மாறாமல் இருக்க, விட்டத்தை 0.886ஆல் பெருக்கிச் சதுரத்தின் பக்கத்தைப் பெறலாம். 8 அடிக்கு அது 137.8 மி.மீ.

நீளம் கடைசியில் வருகிறது, ஏனென்றால் அது விட்டத்தைப் பொறுத்தது. குழலின் இரு முனைகளிலும் காற்று சற்று வெளியே நீண்டு அதிர்வதால் உண்மையான உடல் அரை அலைநீளத்தைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். பிரான்சின் ஆர்கன் கட்டுநர் கவாயே-கோல் 1860இல் தந்த எளிய விதி: அரை அலைநீளத்திலிருந்து விட்டத்தின் மூன்றில் ஐந்து பங்கை (5/3 மடங்கை) கழி. மத்திய ஆ (A) ஸ்வரம் 435 ஹெர்ட்ஸ் என்ற பழைய சுருதியில் 8 அடிக் குழலின் அதிர்வெண் 64.7. குளிர்ந்த தேவாலயத்தில் ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர் என்றால் அரை அலைநீளம் 2.63 மீட்டர். விட்டத் திருத்தம் 0.26 போக 2.37 மீட்டர். விட்டத்தை 10 மி.மீ. கூட்டினால் நீளம் 17 மி.மீ. குறையும். எனவே நீளத்துக்கு வெட்டி முடித்த பிறகு பருமனைப் பற்றி மனம் மாறக்கூடாது. பட்டறையில் எப்படியும் சற்று நீளமாகவே வெட்டி, குரல் சரிசெய்த பிறகுதான் இறுதி அளவுக்குக் கொண்டுவருவார்கள்.

தப்பு நடக்கும் இடங்கள் பெரும்பாலும் மேல் ஸ்தாயியில்தான். முதலாவது, தகட்டின் கனம். 488.5 மி.மீ. தகட்டைச் சுருட்டினால் 155.5 என்ற விட்டம் உள்ளே வராது, தகட்டின் நடுக்கோட்டில்தான் வரும். உள்விட்டம் தகட்டுக் கனத்தின் அளவுக்குக் குறையும். பெரிய குழலில் 1 மி.மீ. குறைந்தால் அரைச் சதவீதத்துக்குச் சற்று மேல், காது பொருட்படுத்தாது. கால் அடிக் குழலில் தகடு 0.5 மி.மீ. கனம் என்றால் 11.6இல் 4 சதவீதத்துக்கு மேல் போய்விடும், அதாவது ஒரு முழு அரைஸ்வரப் படி ஒல்லியாகிவிட்டது. எனவே சுற்றளவு கணக்கிடும்போது விட்டத்தோடு தகட்டின் கனத்தைக் கூட்டிவிட்டுப் பெருக்க வேண்டும்.

இரண்டாவது, வாயின் உயரம். 8 அடிக் குழலில் 30.5 மி.மீ. உயரத்தில் 0.2 மி.மீ. பிழை ஒன்றுமே இல்லை. கால் அடிக் குழலில் உயரமே 2.3 மி.மீ.தான், அதே 0.2 அங்கே கிட்டத்தட்ட 9 சதவீதம். வாய் தாழ்ந்திருந்தால் குழல் கூர்மையாகவும் துள்ளியும் பேசும், அழுத்தம் கூடினால் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். உயர்ந்திருந்தால் மழுங்கும், பேசத் தாமதிக்கும். தாழ்வாக வெட்டினால் பிறகு உயர்த்திக்கொள்ளலாம், உயரமாக வெட்டியதை ஒட்டவைக்க முடியாது. ஆகவே எப்போதும் குறைவாக வெட்டித்தான் தொடங்குவார்கள்.

மூன்றாவது, காற்று. அளவெல்லாம் சரியாக இருந்தும், பல விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது சுருதி தொய்ந்தால் குற்றம் குழலில் இல்லை. ஒவ்வொரு பாதத் துளையின் பரப்பையும் கூட்டிப் பார்த்து, அவ்வளவு காற்றைத் தரும் அளவுக்கு வாயில்களும் கால்வாய்களும் துருத்தியும் இருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். டோப்ஃபர் இதற்கும் கணக்குக் கொடுத்தார். ஓட்டத்தைக் கணக்கிட்டுத் துருத்தியின் அளவைத் தீர்மானிக்கும் பழக்கம் பரவியதில் அவர் பங்கு பெரிது. மென்சூரைப் பற்றிப் பேசுபவர்கள் இதை அநேகமாக மறந்துவிடுகிறார்கள்.

சுருதி கூட்டுவதிலும் அவர் கணக்கை நுழைத்தார். கிரேஃபெல்ட் நகரப் பட்டு உற்பத்தியாளர் ஹைன்ரிஷ் ஷைப்லர், இசைக்கவைகளையும் விம்மல்களையும் வைத்துச் சுருதி அளக்கும் முறையை உருவாக்கியிருந்தார். 440 ஹெர்ட்ஸ் ஆவை 1834இல் ஸ்டுட்கார்ட் கூட்டத்தில் முன்மொழிந்தவரும் அவரே. 440இல் ஒன்று, 444இல் ஒன்று என இரண்டு குழல்கள் சேர்ந்து ஒலித்தால் விநாடிக்கு 4 முறை ஒலி ஏறி இறங்கும். காது சுருதியை ஊகிக்க வேண்டியதில்லை, எண்ணினால் போதும். ஷைப்லரின் முறையை ஆர்கனுக்குப் பொருத்தி விளக்கி டோப்ஃபர் 1842இல் தனி நூல் எழுதினார்.

இனி ஸ்டாப்புகளுக்குள் வேறுபாடு எப்படிக் காட்டுவது? இங்கேதான் அரைஸ்வரப் படி அளவுகோலாகிறது. 2 அடிக் குழலின் அளவு 55.0. ஒரு ஃப்ளூட் ஸ்டாப்பில் அந்த இடத்தில் 65.4 மி.மீ. குழல் இருந்தால், அளவுகோலில் நாலு குழல் கீழே இருக்க வேண்டிய பருமன் அது. எனவே ‘+4’ என்று குறிப்பார்கள். ஒரு காம்பா ஸ்டாப்பில் 38.9 இருந்தால் எட்டுக் குழல் மேலே இருக்க வேண்டிய பருமன், ‘−8’. ஆர்கனின் முதுகெலும்பான பிரின்சிபால் பூஜ்யத்தைச் சுற்றி இருக்கும், ஃப்ளூட் வகை கூட்டல் பக்கம், தந்தி வாத்தியச் சாயல் உள்ளவை கழித்தல் பக்கம். மில்லிமீட்டரில் சொன்னால் இரண்டு ஆர்கன்களை ஒப்பிடுவது பாடு. படியில் சொன்னால் ஒரே பார்வை.

தொழிலில் இதன் விளைவு பெரிது. துரிங்கியாவின் பாவ்லின்செல்லாவில் ஷுல்ஸே குடும்பம் டோப்ஃபரின் கோட்பாட்டைக் கையிலெடுத்தது. அவர்கள் ஆர்கன் 1851 லண்டன் பொருட்காட்சியில் வைக்கப்பட்டது, 1862இல் இங்கிலாந்தின் டான்காஸ்டரில் ஐந்து கீபோர்டு ஆர்கன் கட்டினார்கள். லுட்விக்ஸ்பர்க்கின் வால்க்கர் போன்ற பெரிய பட்டறைகளுக்கு அட்டவணைப்படி குழல் செய்வது வசதியாக இருந்தது. ஓர் அனுபவசாலி ஒவ்வொரு குழலையும் பார்த்து அளவு சொல்ல வேண்டியதில்லை, எண்ணைக் கொடுத்தால் தொழிலாளி வெட்டிவிடுவார்.

வசதியே வினையாகவும் ஆனது. எந்தக் கூடத்துக்கும் எந்த ஸ்டாப்புக்கும் அதே விகிதம் என்று போனபோது, ஆர்கன்கள் ஒன்று போல் ஒலிக்கத் தொடங்கின. எதிரொலி நீண்ட பெரிய கல் தேவாலயமும் மரக்கூரை போட்ட சிறிய கூடமும் மேல் ஸ்தாயியை வெவ்வேறு விதமாக விழுங்குகின்றன, ஒரே நேர்கோட்டு அளவு இரண்டுக்கும் பொருந்தாது. 1906இல் ஆல்பர்ட் ஷ்வைட்சர் ஜெர்மன், பிரெஞ்சு ஆர்கன்களை ஒப்பிட்டு எழுதிய நூலில் ஆலைத்தனமான ஆர்கன் கட்டுமானத்தைக் கடுமையாக விமர்சித்தார். 1921இல் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில், இசையறிஞர் பிரேட்டோரியஸின் 17ஆம் நூற்றாண்டுத் திட்டத்தின்படி பிரேட்டோரியஸ் ஆர்கன் எழுந்தது. கட்டியது வால்க்கர் பட்டறையேதான். பழைய ஆர்கன்களின் குழல்களை அளந்தபோது, அவற்றின் பருமன் எந்த ஒரே விகிதத்திலும் போகவில்லை. சில ஸ்தாயிகளில் வேகமாகக் குறைந்து, வேறிடத்தில் தயங்கி, ஓரிடத்தில் திடீரென மடங்கியது. அந்த வளைவுகளில்தான் அவற்றின் தனிக்குரல் இருந்தது.

பழியை டோப்ஃபர் தலையில் மட்டும் போடுவது நியாயமாகப் படவில்லை. நடுக்கோடு எங்கே என்று அவர் காட்டினார், அதைவிட்டு விலகக்கூடாது என்று முடிவு செய்தவை ஆலைகள். அவரை எதிர்த்த தலைமுறையே அந்தக் கோட்டை வேறு வேலைக்கு வைத்துக்கொண்டது. 1927இல் சாக்சனியின் ஃப்ரைபெர்க்கில் நடந்த ஆர்கன் மாநாடு 155.5 மி.மீ.யில் தொடங்கி 17ஆம் குழலில் பாதியாகும் வரிசையைப் பொது அளவுகோலாக ஏற்றது. அதற்கு நோர்மால்மென்சூர் என்று பெயர். எல்லா ஆர்கனும் இப்படி இருக்க வேண்டும் என்பதற்காக அல்ல, ஒவ்வொன்றும் இதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளப்பதற்காக.

அளப்பது எப்படி என்று ஓர் உதாரணம். ஒரு 2 அடிக் குழலின் வெளிச்சுற்றளவு நாடாவில் 190 மி.மீ. காட்டுகிறது, தகட்டுக் கனம் 0.7. வெளிவிட்டம் 60.5. இரு பக்கக் கனமாக 1.4 கழித்தால் உள்விட்டம் 59.1. அதை 55.0ஆல் வகுத்து, வந்த 1.0745க்கு 10 அடிமான லாகரிதம் எடுத்து, 53.15ஆல் பெருக்கவும். விடை ஏறக்குறைய +1.7. ஒவ்வொரு ஸ்தாயியிலும் நாலைந்து குழலுக்கு இதைச் செய்து, படுக்கைக் கோட்டில் விசைகளையும் செங்குத்துக் கோட்டில் படிகளையும் வைத்து வரையுங்கள். டோப்ஃபர் விகிதத்தை அப்படியே பின்பற்றிய ஸ்டாப் படுக்கையான நேர்கோடாக வரும். வலப்பக்கம் கோடு ஏறினால், கட்டியவர் மேல் ஸ்தாயியை வேண்டுமென்றே பருக்கவிட்டிருக்கிறார். ஒரே ஒரு குழல் மட்டும் துள்ளி நின்றால் அது பிற்காலத்தில் மாற்றிய குழலா, வரிசையில் இடம் மாறி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய ஜெர்மன் ஆர்கன்களில் இன்னொரு கண்ணி உண்டு. பல தேவாலய ஆர்கன்கள் 465 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த சுருதியில் இருந்தன, அது 435ஐவிட ஏறக்குறைய ஓர் அரைஸ்வரம் மேலே. விசையின் பெயரை வைத்து ஒப்பிட்டால் ஒரு விடையும் உண்மையில் ஒலிக்கும் சுருதியை வைத்து ஒப்பிட்டால் சுமார் ஒரு படி தள்ளி இன்னொரு விடையும் வரும். எதை வைத்து ஒப்பிட்டீர்கள் என்று வரைபடத்தின் ஓரத்தில் எழுதாவிட்டால், அடுத்தவருக்கு அந்த எண்கள் பயன்படாது.